முதல் பிள்ளை பெற்றவர்களுக்கு, புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து

என் தம்பி மகளுக்குப் பங்குனியில் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. எந்தப் பால், எந்தத் தடுப்பூசி, எந்தப் பள்ளி என்று அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். அதையெல்லாம் சொல்ல டாக்டர் இருக்கிறார், பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது யாரும் அவளிடம் சொல்லாத விஷயம். மூன்று பிள்ளைகளை வளர்த்து, பேரன் பேத்தி எடுத்தவள் என்ற உரிமையில், இந்த ஊரில் புதிதாகத் தாய் தகப்பன் ஆகியிருக்கும் எல்லோருக்குமாகவே எழுதுகிறேன்.

1. உங்களுக்குப் பிடித்த எதையும் விட்டுவிடாதீர்கள்.

பிள்ளை பிறந்ததும் பாட்டுக் கேட்பதை விடுகிறோம், கதைப் புத்தகத்தை விடுகிறோம், சிநேகிதியோடு கடற்கரைக்குப் போவதை விடுகிறோம். இனிமேல் எல்லாம் குழந்தைக்குத்தான் என்று சொல்லிக்கொள்கிறோம். பெண்கள்தான் இதை முதலில் செய்கிறோம், ஊரும் மெச்சுகிறது. ஏழெட்டு வருஷம் கழித்து அந்தப் பிள்ளையிடம், “உங்க அம்மாவுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். சமைக்கிற அம்மாவைத் தெரியும், வீட்டுப்பாடம் எழுத வைக்கிற அம்மாவைத் தெரியும், அவ்வளவுதான். இப்படிப் பல வீடுகளைப் பார்த்துவிட்டேன். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது. பெற்றவர்களின் ஆசைகளைத் தெரியாத பிள்ளை, பெற்றவர்களைப் பாதிதான் தெரிந்துகொள்கிறது.

2. காசில்லாத வீட்டிலும் இது முடியும்.

வசதி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதிக்கு அழைத்துப் போக ஆசை. பாரதியார் குடியிருந்த வீடு அங்கேதான் நினைவில்லமாக இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இந்த ஊரில் இருந்தார். ஆங்கிலேயரின் ஒற்றர்கள் வீதியிலேயே நின்றார்கள். கையில் பணம் தங்கியதில்லை. மனைவி செல்லம்மாள் பட்ட பாட்டை நான் சிறிதாக்கிச் சொல்ல மாட்டேன். அந்த அம்மாள்தான் அடுப்பை எரிய வைத்தார்.

ஆனால் அந்த வீட்டுப் பெண் குழந்தைகள் என்ன நினைவில் வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். இளைய மகள் சகுந்தலா ‘பாரதி என் தந்தை’ எழுதினார். மூத்தவர் தங்கம்மாளும் தகப்பனாரைப் பற்றி எழுதினார். பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள் யதுகிரி, பாரதி வீட்டுக்குள் ஓடி விளையாடி வளர்ந்தவர். அவர் ‘பாரதி நினைவுகள்’ எழுதினார். மூன்று பேரும் அப்போது சிறுமிகள். எந்தப் பாட்டை எந்த நேரத்தில் பாடினார், என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், எதற்குக் கோபப்பட்டார் என்பதெல்லாம் அவர்களுக்குள் அப்படியே தங்கியிருந்தது. ஒரு மனிதர் தனக்குப் பிடித்ததைப் பிள்ளைகள் முன்னால் வாய்விட்டுச் செய்தார், அதனால் தங்கியது. ‘பாப்பா பாட்டு’ம் இந்த ஊர்க் காலத்தில் பிறந்ததுதான். நமக்குக் கவிதை வராது, சரி. வாய்விட்டுப் பாட வராதா?

3. கற்றுக்கொடுக்க உட்காராதீர்கள், பக்கத்தில் உட்கார வையுங்கள்.

எனக்குப் பிடித்த வேலைகளில் முதலாவது வடகம் போடுவது. சித்திரை வெயில் ஏறியதும் தொடங்கிவிடுவேன். சின்ன வெங்காயத்தை உரித்து ஒன்றிரண்டாக இடித்து, பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, மஞ்சள்தூள், கல்லுப்பு போட்டுப் பிசைந்து ஓர் இரவு மூடி வைக்க வேண்டும். காலையில் உருண்டை பிடித்து மாடியில் காய வைக்க வேண்டும். சாயங்காலம் எடுத்து உதிர்த்து, பாத்திரத்தில் தேங்கிய சாறோடு மறுபடி பிசைந்து மறுநாள் மறுபடி உருண்டை. உருண்டை உள்வரை காயும்வரைக்கும் தினமும் இதே வேலை. கடைசியில் விளக்கெண்ணெய் தடவி ஜாடிக்குள் போய்விட்டால் வருஷத்துக்கும் கவலையில்லை. கருவாட்டுக் குழம்பிலோ கீரையிலோ அதைக் கிள்ளித் தாளித்தால் தெருமுனையில் வரும்போதே நம் வீட்டுச் சமையல் என்று தெரியும். பிரான்ஸ் நாட்டுச் சமையல்காரர்கள் இதைத்தான் ‘வதுவான்’ என்று மசாலாவாகப் போற்றுகிறார்கள்.

பிள்ளைகளுக்கு இதை நான் பாடமாகச் சொன்னதில்லை. காக்காய் ஓட்ட மாடியில் உட்கார வைப்பேன். வெங்காயம் உரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வரும், கை நாற்றம் போகாது, ஆனாலும் எழுந்து போக மாட்டார்கள். ஏனென்றால் அந்த நேரத்தில் நான் சந்தோஷமாக இருப்பேன். பழைய கதையெல்லாம் வரும். பெரியவள் இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அங்கே வெயில் போதாது என்று வடகம் இங்கிருந்து பெட்டியில் போகிறது. அது உடையாமல் போய்ச் சேர்ந்ததா என்பதைவிட வாசம் சரியாக இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் பார்த்துச் சொல்கிறாள். அந்த மூக்கு மாடியில் காக்காய் ஓட்டிய நாளில் வந்தது.

4. கடற்கரைக்கு நடந்து போங்கள்.

சாயங்காலம் 6 மணிக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் காலை 7.30 வரை அது நடப்பவர்களுக்கு மட்டும். ஒரு காசு செலவில்லாத இந்த வசதி எத்தனை ஊருக்கு உண்டு? காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கந்தானே, அந்த விளக்கம் 1836-இல் எரியத் தொடங்கியது என்று சொல்லிக்கொண்டே நடங்கள். நான் சிறுமியாக இருந்தபோது அங்கே மணலில் விளையாடினேன். 1980-களின் இறுதியில் துறைமுகத் தடுப்புகள் வந்தபிறகு மணல் அரித்துப் போய், என் பிள்ளைகள் கருங்கல் குவியலைத்தான் கடற்கரை என்று நினைத்து வளர்ந்தார்கள். பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததும் கொஞ்சம் மணல் திரும்பிவந்தது. இப்போது பேரன் அதில் குழி தோண்டுகிறான். ஒரே கடலை மூன்று தலைமுறை மூன்று விதமாகப் பார்த்திருக்கிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியது நாம்தான்.

5. அப்படிப் போகும்போது கைப்பேசி வீட்டிலேயே இருக்கட்டும்.

6. புருஷனுக்கும் பெண்சாதிக்கும் ரசனை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரருக்குப் பெத்தாங் என்றால் உயிர். மண் தரையில் சின்ன மரக்குண்டைப் போட்டுவிட்டு, அதை ஒட்டி இரும்புக் குண்டை எறிகிற விளையாட்டு, பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமை குண்டுகளைத் துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அதில் நாட்டம் வந்ததே இல்லை. ஆனால் சின்னவளை அவரோடு அனுப்புவேன். எந்தக் குண்டு பக்கத்தில் இருக்கிறது என்று குனிந்து அளந்து சொல்வது அவள் வேலை. அப்பாவோடு பேச அவளுக்கு அங்கேதான் நேரம் கிடைத்தது. “எப்பப் பாரு குண்டு குண்டுன்னு” என்று பிள்ளை எதிரில் அவரைச் சலித்துக்கொள்ளாதிருந்ததுதான் நான் செய்த உதவி. ஒருவர் ஆசையை மற்றவர் மட்டம் தட்டுகிற வீட்டில் பிள்ளை தன் ஆசையை வெளியே சொல்லாது.

பெருமாள் கோயில் வீதியில் வாழ்ந்த பாரதிதாசன் ‘குடும்ப விளக்கு’ எழுதினார். ஐந்து பகுதி. ஒரு நாள் நிகழ்ச்சி, விருந்தோம்பல், திருமணம், மக்கட்பேறு என்று வந்து, ஐந்தாவதாக முதியோர் காதலில் முடிகிறது. பிள்ளைப் பேற்றோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதை இளம் தம்பதிகள் கவனிக்க வேண்டும். பிள்ளைகள் பறந்துபோன பிறகு நீங்கள் இரண்டு பேரும்தான் மிச்சம். அப்போது பேச ஏதாவது இருக்க வேண்டும்.

7. ஊர்த் திருவிழாக்களை விடாதீர்கள்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்தில் மயிலம் முருகனும் தீவனூர்ப் பிள்ளையாரும் கடலாட வருகிறார்கள். ஆடியில் வீராம்பட்டினம் தேர். ஜூலை 14-க்கு முதல் நாள் இரவு பிரெஞ்சுப் படையில் இருந்த நம்மூர்ப் பெரியவர்கள் விளக்கேந்தி ஊர்வலம் போகிறார்கள். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து விவிக்கம் கேக் வரும். பொங்கலுக்கு நம் வீட்டிலிருந்து கரும்பும் வெண்கலப் பானைப் பொங்கலும் போக வேண்டும். தட்டைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புங்கள்.

8. பிள்ளைக்கு உங்கள் ரசனை பிடிக்காமல் போகலாம். போகட்டும்.

நடுப்பிள்ளைக்கு வடகம் வாசமே ஆகாது. நான் விரும்பிக் கேட்கும் பழைய பாட்டு ஓடினால் எழுந்து போய்விடுவான். இரும்புக் கம்பியும் ஒயரும்தான் அவனுக்குச் சொர்க்கம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் உடைந்த ரேடியோ வாங்கிவந்து கூடம் முழுக்கப் பரப்புவான். கூடத்தை அவனுக்கு விட்டுவிட்டோம். நாம் ஒன்றில் ஆழ்ந்திருப்பதைப் பார்த்த பிள்ளை, தனக்கென்று ஒன்றில் ஆழ்ந்துபோகும். அது நம்முடையதாகவே இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை.

9. வீட்டில் உங்களுக்கென்று ஒரு புத்தகம் எப்போதும் திறந்திருக்கட்டும்.

பிள்ளைக்குப் படித்துக் காட்டுவது நல்லதுதான். நீங்கள் உங்களுக்காகப் படிப்பதைப் பிள்ளை பார்ப்பது அதைவிட நல்லது. எதில் தொடங்குவது என்று கேட்டால், நம்மூர்க்காரர் பிரபஞ்சனின் ‘வானம் வசப்படும்’ என்பேன். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரி முழுவதும் அதில் நடமாடுகிறது, 1995-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாங்கப் பணம் இல்லையென்றால் 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது. குழந்தைகளுக்கென்று அங்கே தனிப் பகுதியும் உண்டு. அதற்குப் பிள்ளை வளர்ந்ததும் போகலாம். இந்த வாரமே ஒருவர் குழந்தையைப் பார்த்துக்கொள்ள, மற்றவர் போய் உங்கள் பெயரில் உறுப்பினராகிவிட்டு வாருங்கள்.