மலையும் மூடுபனியும் விமானியின் சான்றும்

ஜனவரி மாத அதிகாலையில் கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்தில் காத்திருந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும். கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாத வெண்மை. ஒரு நிறுவனத்தின் விமானம் மெல்ல நகர்ந்து அதற்குள் மறைகிறது. பக்கத்து வாயிலில் நிற்கும் நம் விமானம் அசையவில்லை. "அவங்களுக்கு மட்டும் பனி இல்லையா?" என்று யாராவது குரலை உயர்த்துவார்கள். வாயிலில் நிற்கும் ஊழியர் பெண்ணால் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பதில் கொஞ்சம் நீளமானது.

கொல்கத்தா இருப்பது சமவெளியில். ஆனால் இங்கிருந்து ஒன்று, இரண்டு மணி நேரத்தில் விமானம் இமயமலைப் பள்ளத்தாக்கிலோ, மிசோரம் மலை உச்சியிலோ, அந்தமான் தீவிலோ இறங்குகிறது. சித்திரை வைகாசியில் கால்பைசாகிப் புயல், மார்கழி தையில் மூடுபனி. இந்த ஊரிலிருந்து பறக்கும் விமானிக்கு விமானம் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. சென்னையிலிருந்து வந்து, லேக் மார்க்கெட் உறவினர் வீட்டில் ஒருநாள் தங்கி, மலைநாட்டுக்கோ தீவுக்கோ கிளம்பும் நம்மவர்கள் பேசுவதைக் கேட்டால், விமானியின் பயிற்சி பற்றி எத்தனை தவறான எண்ணங்கள் உலவுகின்றன என்று புரியும். அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

"பத்தாயிரம் மணி நேரம் பறந்தவருக்குப் புதிதாக என்ன பயிற்சி வேண்டும்?"

இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதனால் இதில் சற்று நிற்கிறேன்.

1991 ஆகஸ்ட் 16. கொல்கத்தாவிலிருந்து இம்பாலுக்குக் கிளம்பியது இந்தியன் ஏர்லைன்ஸின் 257ஆம் எண் விமானம், போயிங் 737 ரகம். மழைக்காலம், மலைகளைச் சூழ்ந்து மேகம். இம்பால் நிலையத்துக்கு நேர் மேலே வந்து, வந்ததை அறிவித்து, அதன்பின் வகுத்த வழியில் திரும்பி இறங்க வேண்டும் என்பது விதி. அந்த விமானம் மேலே வருவதற்கு முன்பே திரும்பியது. இறங்குவதற்குக் கிடைத்திருந்த அனுமதி, முறையான வழியில் வருபவருக்குப் பாதுகாப்பான உயரத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தது. முன்கூட்டித் திரும்பியவருக்கு அதே உயரத்தில் மலை நின்றது. நிலையத்திலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தங்ஜிங் மலையில் மோதி 69 பேரும் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கை சொன்ன காரணங்களில் ஒன்று என்னை இன்றும் உறுத்துகிறது. அந்த நிலப்பரப்பு கேப்டனுக்கு மிக நன்றாகப் பழகியிருந்தது. அந்தப் பழக்கமே அவரை அப்படிச் செய்ய வைத்திருக்கலாம் என்றது அறிக்கை. தெரியாதவர் வரைபடத்தைப் பார்த்து, அதில் உள்ளபடியே வருவார். குறுக்குவழி தெரியும் என்ற எண்ணம் தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை எல்லாம் தனி. அதற்குமேல் ஒவ்வொரு விமான ரகத்துக்கும் வேறு தகுதி வாங்க வேண்டும். ஏர்பஸ் ஓட்டுபவர் நாளைக்கே சிறிய ஏடிஆர் விமானத்தில் போய் உட்கார முடியாது. இவை எல்லாம் இருந்தாலும், லே, குலு, சிம்லா போன்ற சிக்கலான தளங்களுக்கு அந்தத் தளத்துக்கே உரிய பயிற்சியும், பயிற்சி அளிக்கும் கேப்டனோடு அங்கே பறந்த அனுபவமும் வேண்டும். அதோடு முடியவில்லை. பெற்ற தகுதி காலாவதியாகும். நீண்ட நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால் மறுபடியும் பயிற்சி. மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தார் என்பது ஒரு கணக்கு. இந்த இடத்துக்கு, இந்த வானிலைக்கு, அண்மையில் தயாரானாரா என்பது வேறு கணக்கு. முதல் கணக்கு எவ்வளவு பெரிதானாலும் இரண்டாவதை ஈடுசெய்யாது.

"பாரோவில் இறங்க உலகத்திலேயே எட்டு விமானிகளுக்குத்தான் அனுமதி"

பூட்டானுக்குச் சுற்றுலா அழைத்துச் செல்பவர்கள் பயணிகளுக்குச் சொல்லும் முதல் கதை இதுதான். எப்போதோ எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்த காலத்துச் செய்தி, எண் மாறாமல் வாய்வழியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. இன்று அந்நாட்டின் பாரோ விமான நிலையத்தில் இறங்கத் தகுதி பெற்றவர்கள் சில டஜன் பேர். ட்ருக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் என்று அந்நாட்டுக்கே இரண்டு நிறுவனங்கள் இருக்கும்போது எட்டுப் பேரை வைத்து நடத்த முடியாது என்பது கொஞ்சம் யோசித்தாலே தெரியும்.

பாரோவுக்கும் கொல்கத்தாவுக்கும் உள்ள உறவு பழையது. 1983 பிப்ரவரி 11 அன்று ட்ருக் ஏர் தொடங்கிய முதல் சேவையே கொல்கத்தா வழித்தடம்தான். சிறிய டோர்னியர் 228 விமானம் அது. இன்று அதே பள்ளத்தாக்கில் ஏர்பஸ் இறங்குகிறது.

எண் பொய், ஆனால் கடினம் உண்மை. பாரோ 7,300 அடிக்கு மேல் இருக்கிறது. சுற்றிலும் 5,000 மீட்டரைத் தாண்டும் சிகரங்கள். பகல் வெளிச்சத்தில், கண்ணால் மலைச்சரிவுகளைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். விமானம் பள்ளத்தாக்கின் வளைவுகளோடு திரும்பித் திரும்பி வரும். கடைசித் திருப்பம் வரை ஓடுபாதை கண்ணில் படாது. பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று வலுக்கும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வேகமானி அதே எண்ணைக் காட்டினாலும் விமானம் உண்மையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். வேகம் கூடினால் திரும்புவதற்கு அகலமான இடம் வேண்டும், பள்ளத்தாக்கோ குறுகியது. பயிற்சியில் விமானி இதைத்தான் உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்: எந்த மேட்டருகே என்ன உயரம், எந்த இடத்தைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக வழியில்லை.

ஆக, அங்கே இறங்குபவர்கள் பிறவி மேதைகள் அல்லர். ஒரு குறிப்பிட்ட பாடத்தைப் படித்துத் தேறியவர்கள். இதைச் சொல்வதால் அவர்கள் பெருமை குறையாது. என் வரையில் கூடுகிறது.

சிக்கிமில் பாக்யாங் நிலையம் 2018இல் திறந்தது. கொல்கத்தாவிலிருந்து முதல் பயணிகள் சேவை அக்டோபர் 4ஆம் தேதி போனது. ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் 1,700 மீட்டர் ஓடுபாதை. அங்கே மேகம் மூடிய நாட்களில் சேவை ரத்தானபோது விமானிக்குத் துணிச்சல் இல்லை என்று பேசியவர்கள் உண்டு. குறைந்தபட்சம் இவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று வகுத்த எல்லையை மதிப்பதும் அவர் கற்ற பாடத்தின் ஒரு பகுதிதான்.

"மலைத் தடம் பெண்களுக்குச் சரிவராது"

இதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 1985 நவம்பரில் கொல்கத்தா–சில்சார் தடத்தில் ஃபோக்கர் விமானத்தைக் கேப்டன் சௌதாமினி தேஷ்முக்கும் நிவேதிதா பாசினும் ஓட்டிப் போனார்கள். விமானி அறையிலிருந்து பணிப்பெண் வரை எல்லோரும் பெண்கள். தேர்வும் சோதனையும் அவர்களுக்கும் அதேதான்.

"மூடுபனியில் விமானம் தானே இறங்கிவிடும், விமானிக்கு என்ன வேலை?"

இப்போது அந்த வாயிலில் எழுந்த கேள்விக்கு வரலாம். சாதாரண முறையில், அதாவது கேட்-1 முறையில், 200 அடி உயரத்துக்கு வருவதற்குள் ஓடுபாதை விளக்குகள் தெரிய வேண்டும். தரையில் குறைந்தது 550 மீட்டர் தூரம் கண்ணுக்கு எட்ட வேண்டும். கேட்-3பி என்ற முறையில் இது 50 மீட்டர் வரை குறையலாம். கொல்கத்தாவில் அந்த வசதி இருக்கிறது.

50 மீட்டர் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். தரை தொடும் ஜெட் விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர், நொடிக்கு 70 மீட்டர். விமானி முன்னால் காணும் தூரத்தை விமானம் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். மனிதக் கண்ணும் கையும் அந்த வேகத்தில் செயல்பட முடியாது. ஆகவே ஆட்டோபைலட்தான் இறக்குகிறது, அது உண்மை. ஆனால் அந்தக் கடைசி நிமிடத்தில் இரண்டு விமானிகளும் கருவிகளைப் படித்துக்கொண்டே இருக்கிறார்கள். ஓர் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், எந்த உயரத்துக்கு மேலே எரிந்தால் மேலெழ வேண்டும், எதற்குக் கீழே எரிந்தால் தொடரலாம் என்பது யோசித்துப் பார்க்கும் விஷயமல்ல. யோசிக்க நேரம் இருக்காது. வகுப்பிலும் சிமுலேட்டரிலும் பழகி, தேர்வு கொடுத்து, குறித்த கால இடைவெளியில் புதுப்பித்தவருக்குத்தான் அந்த எல்லை வரை வர அனுமதி. கேப்டனுக்கு மட்டுமல்ல, துணை விமானிக்கும் அது வேண்டும். இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால் அந்த விமானத்துக்கே இல்லை.

விமானமும் அதற்குத் தகுதி பெற்றிருக்க வேண்டும். சிறு ஊர்களுக்குப் போகும் ஏடிஆரில் தானே இறங்கும் வசதி கிடையாது. ஓடுபாதையின் எந்த முனையில் தரைக்கருவி இருக்கிறதோ அந்த முனையில்தான் இறங்கவும் வேண்டும். பக்கத்து விமானம் போய், நம்முடையது நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி இல்லாததுதான். பனியில் கிளம்புவதற்கும் தனி அனுமதி உண்டு. போய்ச் சேரும் ஊரின் பனியும் இந்தக் கணக்கில் சேரும்.

பயிற்சி பெற்றவர்கள் இருந்தும் அவர்களைச் சரியான நாளில் பணியில் போடாவிட்டால் பயனில்லை. 2023 டிசம்பர் மூடுபனியில் டெல்லிக்குப் போன பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அதையொட்டி, பனிப் பயிற்சி பெற்ற விமானிகளை நியமிப்பதில் நேர்ந்த குறைகளுக்காக 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது விமானப் போக்குவரத்து இயக்குநரகம். பயணி கோபப்பட நியாயமான இடம் இது. விமானி அறை அல்ல.

"சிமுலேட்டர் என்பது பெரிய வீடியோ கேம்"

2000 ஜூலை 17 அன்று கொல்கத்தாவிலிருந்து பாட்னா வழியாக டெல்லி போகக் கிளம்பிய அலையன்ஸ் ஏர் விமானம் பாட்னாவில் குடியிருப்புகள் மேல் விழுந்தது. விமானத்தில் 55 பேரும் தரையில் 5 பேரும் இறந்தார்கள். முறைப்படி வராததால் விமானம் வேண்டிய உயரத்தைவிட மேலே இருந்தது. எஞ்சின்கள் குறைந்த விசையில் இருக்க, வேகம் சரிந்தது. இறக்கைகள் தாங்கும் விசையை இழக்கப் போகின்றன என்று கைப்பிடி அதிர்ந்து எச்சரித்தது. அப்போது செய்ய வேண்டியது மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்பது. விமானிகள் செய்ததோ இறங்குவதைக் கைவிட்டு மேலெழும் முறை. அதில் மூக்கை உயர்த்த வேண்டும். இரண்டுமே அவர்கள் படித்த பாடங்கள். அந்த நொடிகளில் கை தவறான பாடத்தை எடுத்துக்கொண்டது.

நிஜ விமானத்தில் பயணிகளை வைத்துக்கொண்டு இதைப் பழக முடியாது. சிமுலேட்டரில் முடியும், பலமுறை. எஞ்சின் நின்றுபோவது, ஓடுபாதை அருகே காற்று திடீரென்று திசை மாறுவது, புகை என்று எதையும் அங்கே வரவழைக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு விமானியும் அதில் உட்கார்ந்து சோதனை கொடுக்கிறார். தேறாவிட்டால், மறுபயிற்சி பெற்றுத் தேறும்வரை பறக்க முடியாது.

"இறங்கப் போய் மறுபடி மேலே ஏறினால் விமானி தடுமாறிவிட்டார்"

கால்பைசாகி வரும் மாலைகளில் டம்டமுக்கு மேலே இது சாதாரணம். வடமேற்கில் வானம் கறுத்து, சில நிமிடங்களில் காற்று திசை மாறும். குறிப்பிட்ட உயரத்துக்குள் விமானத்தின் வேகம், சரிவு, திசை எல்லாம் சீராகாவிட்டால் இறங்குவதைக் கைவிட வேண்டும். அதற்காக யாரும் விமானியைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது இயக்குநரகத்தின் நிலைப்பாடு. புவனேஸ்வரிலோ ராஞ்சியிலோ போய்க் காத்திருந்து திரும்பும் விமானத்தில் தாமதம் உண்டு, எரிச்சல் உண்டு, அவ்வளவுதான்.

கைவிடாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. 2010 மே 22 அன்று மங்களூரில் மேசை போன்ற மலைமேட்டு ஓடுபாதையைத் தாண்டி விழுந்த விமானத்தில் 158 பேர் இறந்தார்கள். எட்டுப் பேர் பிழைத்தார்கள். கேப்டனுக்குப் பத்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் அனுபவம். துணை விமானி, மேலே ஏறிவிடலாம் என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவில் அது இருக்கிறது.

மூத்தவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு, பயிற்சியிலேயே கடினமான பகுதி கேப்டனை மறுத்துப் பேசுவதாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சிமுலேட்டரில் இதற்கும் ஒத்திகை உண்டு. கேப்டன் மயங்கியதுபோல் அசையாமல் இருப்பார். துணை விமானி ஒருமுறை எச்சரிப்பார், மறுமுறை எச்சரிப்பார். பதில் வராவிட்டால், அப்பா வயதில் இருக்கும் அந்த மனிதரிடம் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று தெளிவாக, உரக்கச் சொல்லி, விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.