சோறும் வெற்றிலையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

இல்லத்தில் நோயோ பிரிவோ நேர்ந்திருக்கும் காலத்தில் பாசுரங்களை இசையோடு கேட்டு அநுபவிப்பது தகுமா என்னும் ஐயம் அடியார்கள் பலருக்கு எழுவதுண்டு. நமக்கும் எழுந்தது. 2020-ஆம் ஆண்டில் திருக்கோயில் கதவுகள் அடைத்திருந்த மாதங்களில் நம் தமக்கையார் நோயுற்றுக் கிடந்தார். கைப்பேசியில் சேர்த்துவைத்திருந்த சேவைப் பதிவுகளைத் தொடவும் நமக்குக் கை கூசியது. வங்கிக் கணக்குகளோடு ஆயுளைக் கழித்தவர்களாகையால், இசையை ஆடம்பரச் செலவாகவே எழுதிவைத்திருந்தோம் போலும். நெருக்கடி வந்தால் முதலில் நிறுத்தப்படுவது அதுதானே! அக்கணக்குப் பிழை என்று நமக்குக் காட்டியது திருக்கோளூர்ப் பதிகம்.

திருவாய்மொழியில் 6-ஆம் பத்தின் 7-ஆம் பதிகமான இது, தாய்ப் பேச்சாக அமைந்தது. பராங்குச நாயகி ஒருவரிடமும் சொல்லாமல் திருக்கோளூருக்குப் புறப்பட்டுவிட்டாள். மகளைக் காணாத தாய் புலம்புகிறாள். புலம்பலின் தொடக்கத்திலேயே, தன் மகளுக்குச் சோறும் நீரும் வெற்றிலையும் கண்ணனே என்று சொல்லிவிடுகிறாள். நம் பூர்வாசார்யர்கள் இம்மூன்றையும் தாரகம், போஷகம், போக்யம் என்று பிரித்து வியாக்யானம் செய்தருளினர். உயிரைத் தரித்து நிறுத்துவது சோறு; வளர்ப்பது நீர்; இனிமைக்காக மெல்லுவது வெற்றிலை. உலகத்தார்க்கு இவை வெவ்வேறு பொருள்கள். சோறில்லாத நாளில் வெற்றிலையைத் தேடுவார் எவருமிலர். இவளுக்கோ மூன்றும் ஒருவனேயாகையால், பஞ்சகாலத்தில் கைவிடத்தக்க பகுதி என்று அவனிடத்தில் ஒன்றுமில்லை. அவனைப் பாடும் பாட்டுக்கும் இதுவே நிலை என்று நாம் கொள்கிறோம். நல்ல நாளில் வெற்றிலையாய் இனித்த பாசுரம், பொல்லாத நாளில் சோறாய் நின்று உயிரைத் தரிக்கச் செய்கிறது.

பாட்டு துயரத்தை மறக்கச் செய்யும் என்று இங்கே பொருளாகாது. மறக்கச் செய்வதாயின் ஆழ்வார் இத்தனை அழுதிருக்க வேண்டியதில்லை. திருக்குடந்தைப் பதிகத்தைக் (5-8) காண்க. எம்பெருமான் எழுந்து நோக்குவான், வார்த்தை அருளுவான், அணைத்துக்கொள்வான் என்று ஆசையோடு சென்றார் ஆழ்வார். அவனோ கிடந்த கிடையை மாற்றவில்லை. உள்ளம் உருகும் இனிமையும், ஆசை நிறைவேறாத ஆற்றாமையும் அப்பத்துப் பாட்டுக்களிலும் பிரிக்கவொண்ணாதபடி கலந்துள்ளன.

வீரநாராயணபுரத்தில் நாதமுனிகள் செவியில் முதலில் விழுந்ததும் அந்தப் பதிகமே. ஆயிரத்துள் பத்து என்ற குறிப்பைப் பற்றிக்கொண்டு அவர் திருக்குருகூர் வரை சென்றார், மதுரகவிகளின் பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு சேவித்தார், நாலாயிரத்தையும் பெற்றார். பின்னர்த் தம் மருமக்களான கீழையகத்தாழ்வான், மேலையகத்தாழ்வான் இருவரையும் கொண்டு இசைப்பாக்களைத் தேவகானத்தில் அமைத்தருளினார். திருவரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர், ஆழ்வார்திருநகரி ஆகிய திவ்யதேசங்களில் இன்றும் நாம் அநுபவிக்கும் அரையர் சேவை அவர் தொடங்கிய வழியிலே வந்தது. நிறைந்து மகிழ்ந்தவர் பாட்டாக இல்லாமல், ஆசை தீராதவர் பாட்டு நம்மிடம் முதலில் வந்து சேர்ந்ததை எண்ணி எண்ணி வியக்கிறோம்.

ஊரே துயருற்ற காலமும் உண்டு. 1323-இல் திருவரங்கம் படையெடுப்புக்கு உள்ளானபோது, பிள்ளை லோகாசார்யர் நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தென்திசை சென்று, ஜ்யோதிஷ்குடியில் திருநாடலங்கரித்தார். நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளியது 1371-இல். இடைப்பட்ட காலத்தில், அரங்கநகர் அச்சம் நீங்க வேண்டி, வேதாந்த தேசிகன் அபீதிஸ்தவம் அருளிச்செய்தார் என்பர் பெரியோர். நல்ல காலம் வரட்டும், பிறகு கவிதை இயற்றலாம் என்று அவர் ஒத்திவைக்கவில்லை.

திருக்கோளூர் எம்பெருமானுக்கு வைத்தமாநிதி என்று திருநாமம். வங்கியில் இருந்த நமக்கு இத்திருநாமத்தில் தனி ஈடுபாடு. ஆபத்துக் காலத்தில் எடுத்துக்கொள்வதற்கன்றோ நிதியைச் சேமித்து வைப்பது!

ஒருநாள் இரவு கூச்சத்தை விட்டு, தமக்கையாரின் கட்டிலருகே அமர்ந்து, அப்பதிகத்தை மெல்லிய குரலில் சேவிக்கத் தொடங்கினோம். ஐந்தாறு பாசுரங்கள் சென்றன. அடுத்த பாசுரத்தின் நடுவே நமக்குச் சொல் வரவில்லை. மூன்று நாட்களாக எவரோடும் பேசாமல் கண்மூடிக் கிடந்தவர், சிறுமியாய் இருந்தபோது பாட்டியாரிடம் சந்தை சொல்லிக் கற்ற அந்தச் சொல்லை, கண்ணைத் திறவாமலே எடுத்துக்கொடுத்தார்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்