வேடதாரி காணாத வேடம்: ‘ஃபிளெட்ச் லிவ்ஸ்’ திரைப்படத்தில் நகையும் துப்பறிதலும்

முன்னுரை

துப்பறியும் கதைகளில் நகைச்சுவை பெரும்பாலும் இறுக்கம் தளர்த்தும் இடைவேளையாகவே கருதப்படுகிறது. மைக்கேல் ரிட்சி இயக்கிச் செவி சேஸ் நடித்த ‘ஃபிளெட்ச்’ (1985), அதன் தொடர்ச்சியான ‘ஃபிளெட்ச் லிவ்ஸ்’ (1989) ஆகிய அமெரிக்கத் திரைப்படங்களில் நகையே துப்பறியும் கருவியாகிறது. தொடர்ச்சிப் படத்தில் அக்கருவி தோற்கும் இடத்தையும் அத்தோல்வி உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

எள்ளலும் தொழிலறமும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகையின் நிலைக்களன்களுள் எள்ளலையும் பேதைமையையும் வைத்தெண்ணும். கிரிகோரி மெக்டொனால்டின் 1974ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவிய முதற்படத்தின் நகை எள்ளலின்பாற்படும். லாஸ் ஏஞ்சலிஸ் நாளிதழ்ச் செய்தியாளனான ஃபிளெட்ச், கடற்கரைப் போதைப்பொருள் வணிகத்தை அறிய மாற்றுருவில் திரிகிறான். மருத்துவமனையில் மருத்துவனாகவும் விமானக் கொட்டகையில் பழுதுநீக்குபவனாகவும் நுழைகிறான். உடையையும் உறுதியான குரலையும் கண்டவர்கள் ஆளை ஐயுறுவதில்லை. அந்தப் பழக்கமே அவனுக்கு வாயில் திறக்கிறது. அவனது பொய்க்கு நியாயம் வழங்குவது இறுதியில் அச்சேறும் செய்தியாகும்.

உரிமையாளனான செய்தியாளன்

லியான் கபெட்டானோஸ் எழுதிய தொடர்ச்சிப் படம், புதினம் எதனையும் தழுவாமல் கதைமாந்தனை மட்டும் எடுத்துக்கொள்கிறது. லூசியானாவில் அத்தையின் தோட்ட மாளிகை தனக்கு வந்ததும் ஃபிளெட்ச் பணியைத் துறக்கிறான். வழக்கறிஞர் ஒருவர் இறக்க, ஐயம் அவன்மீதே விழுகிறது. செய்திக்காக ஆராய்ந்தவன் தன் நிலத்துக்காகவும் தற்காப்புக்காகவும் ஆராய்பவனாகிறான். ஆகவே அவனது பொய்களுக்குரிய பழைய நியாயம் மெலிகிறது. மதப்பூங்கா நடத்தும் தொலைக்காட்சிப் போதகர் பற்றிய பகுதி, ஜிம் பேக்கர் (1987), ஜிம்மி ஸ்வாகர்ட் (1988) ஆகியோரைச் சூழ்ந்த சர்ச்சைகளின் காலப் பின்னணி உடையது.

கால்குலஸ் என்னும் எதிர்வேடம்

மாளிகையின் காவற்பணியாளராகத் தோன்றும் கால்குலஸ் (கிளீவன் லிட்டில்) பழைய ஹாலிவுட் வார்த்தளித்த பணிவான கறுப்பினப் பணியாளரின் சாயலில் பேசுகிறார். அவர் மறைந்து பணியாற்றும் எஃப்.பி.ஐ. அதிகாரி என்பது பின்னரே வெளிப்படுகிறது. எத்தனையோ வேடமிட்டவன் இவ்வேடத்தை ஏன் காணவில்லை? விடை முன்னரே வந்த கனவுக்காட்சியில் உள்ளது. தோட்ட முதலாளியாகத் தன்னைக் கற்பனை செய்து, 1946ஆம் ஆண்டு டிஸ்னி படப் பாடலுக்கு ஃபிளெட்ச் ஆடிப்பாடுகிறான். அக்காட்சி பழந்தெற்கின் கற்பனையைப் பகடி செய்கிறது. அவனும் அக்கற்பனையிலிருந்து விடுபட்டவன் அல்லன் என்பதையும் காட்டிவிடுகிறது. எதிர்பார்ப்போடு பொருந்தும் வேடம் வேடமாகவே தெரிவதில்லை. முதற்படத்தில் பிறரிடம் அவன் பயன்படுத்திய பழக்கம் இங்கு அவனையே வீழ்த்துகிறது. எள்ளியவன் பேதைமையின் நிலைக்களனாகிறான்.

ஆயினும் படம் இத்திருப்பத்தை முழுமையாக்கவில்லை. கால்குலஸின் ஆய்வு அவர் நோக்கில் காட்டப்படவில்லை. நிலத்தில் கொட்டப்பட்ட நச்சுக்கழிவு கதையின் மறைபொருளாகித் துலங்க, அதே நிலத்தின் அடிமை வரலாறு வேடிக்கையளவிலேயே நின்றுவிடுகிறது.

முடிவுரை

தொடர்ச்சிப் படத்தை முதற்படத்தின் மங்கிய படியாக மட்டும் மதிப்பிடுவது போதாது. பிறர் காணத் தவறுவதைக் கொண்டு வாழும் செய்தியாளன் தானும் காணத் தவறுகிறான் என்பதே அதன் தனிப்பொருள். நகைச்சுவைத் துப்பறியும் படைப்புகளை ஆராய்வோர், குற்றவாளி யார் என்பதோடு, துப்பறிபவனின் கண்ணுக்கு யார் புலப்படவில்லை என்பதையும் வினவுதல் வேண்டும்.