கணக்குப் பார்த்தவர் கோட்டை விட்டால்

கட்டைபறிச்சானில் கடை, படகு, நெல் வியாபாரம் நடத்துகிறவர் வரிக் கணக்கை மூதூரிலோ திருகோணமலையிலோ ஒருவரிடம் கொடுத்துவிட்டு மறந்துவிடுவது வழமை. கணக்குப் பார்ப்பவர் நாள் தவறவிட்டுத் தண்டப்பணக் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தால், நட்டஈடு கேட்கலாம். கட்டவேண்டிய வரியை அவர் தலையில் போட முடியாது; அவர் கவனயீனத்தால் கூடிய தண்டப்பணத்தையும் வட்டியையுமே கேட்க முடியும்.

காலக்கெடுதான் பலரைக் கவிழ்ப்பது. இலங்கைச் சட்டத்தில் கவனயீனத்தால் வந்த நட்டத்துக்கு 2 ஆண்டுக்குள் வழக்குப் போடவேண்டும். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டிருந்தால் 6 ஆண்டு. வாய்ப்பேச்சு என்றால் 3. ஆகவே என்ன வேலை, எந்தத் திகதிக்குள், என்ன கூலி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “நம்ம ஆள்தானே” என்பதற்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை. கொடுத்த பற்றுச்சீட்டுகளின் பிரதி, வாட்ஸ்அப் செய்தி எல்லாம் பத்திரம். முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அவர் பட்டயக் கணக்காளரானால், பட்டயக் கணக்காளர் நிறுவனத்தில் ஒழுக்காற்று முறைப்பாடும் செய்யலாம். அது அவரைத் தண்டிக்கும். உங்கள் பணத்துக்கு வழக்குத்தான் வழி. வசதியில்லாதவர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

கணக்காளரோ வேறு யாரோ சொல்லிப் பணத்தை வைப்பிலிடப் போகிறீர்களா? நிறுவனத்துக்கு உரிமம் உண்டா என்று மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள். 2008இல் வைப்பு வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் விழுந்தபோது வைப்பாளர்கள் வருடக்கணக்காக நீதிமன்றப் படியேறினார்கள்.