சபை ஊழியர் முதலில் படிக்க நான்கு நூல்கள்

கேள்வி: கிராமத்துச் சபை ஒன்றில் புதிதாகப் பொறுப்பேற்றிருக்கிறேன். இறையியல் கல்லூரியில் படித்ததில்லை. தலைமைத்துவம் பற்றிப் பல நூல்களை நண்பர்கள் சொல்கிறார்கள். எதிலிருந்து தொடங்கலாம்? ஆங்கிலம் ஓரளவு வாசிப்பேன்.
– ஒரு சபை ஊழியர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, கூட்டம் நடத்தவும் கணக்கு வழக்கைச் சீராக வைக்கவும் தலைமைத்துவ நூல்கள் உதவும். ஆனால் சபைக்கு எதைப் போதிப்பது, சபையாரை எப்படி அறிந்துகொள்வது என்பவை அதற்கு முந்திய பாடங்கள். தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு இந்த நான்கு நூல்களுக்கு வாருங்கள்.

முதலாவது, நான்காம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் அத்தனாசியுஸ் எழுதிய 'வார்த்தையானவர் மாம்சமானது பற்றி'. சிறிய நூல். தேவன் ஏன் மனிதரானார், கிறிஸ்துவின் மரணமும் உயிர்த்தெழுதலும் நம் மரணத்தை என்ன செய்தன என்று விளக்குகிறது. அடக்க ஆராதனை நடத்தப்போகும் உங்களுக்கு இந்தத் தெளிவு கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, 590-இல் ரோமாபுரியின் ஆயரான மகா கிரகோரியார் எழுதிய 'மேய்ப்பர் ஒழுங்கு'. இதன் மூன்றாம் பகுதியில்தான் நீங்கள் அதிக நாள் தங்க வேண்டும். ஏழைகள், செல்வர்கள், மகிழ்ந்திருப்போர், துயரப்படுவோர், ஓயாமல் பேசுவோர், வாய் திறவாதோர் என்று எதிரெதிர் இயல்புள்ளவர்களை இணை இணையாக எடுத்து, யாருக்கு எப்படிப் புத்தி சொல்வது என்று காட்டுகிறார். வாசிக்க வாசிக்க உங்கள் சபையார் ஒவ்வொருவராய் நினைவுக்கு வருவார்கள். கடைசிப் பகுதி மிகச் சிறியது. பிறருக்குப் போதிப்பவன் தன் உள்ளத்தையும் சோதிக்க வேண்டும் என்று எச்சரிக்கிறது.

மூன்றாவது, ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1656-இல் வெளியிட்ட 'சீர்திருந்திய போதகர்'. அப்போஸ்தலர் 20:28 வசனமே இதற்கு அடிப்படை. இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டரில் போதகராயிருந்த அவர், வாரத்தில் இரண்டு நாள் ஒதுக்கிக் குடும்பம் குடும்பமாகச் சந்தித்து வேத வினாவிடை கற்பித்தார். பிரசங்கம் கேட்டுப் பல ஆண்டுகளாகியும் புரியாதிருந்தது, அரைமணி நேரம் தனியே பேசியதில் சிலருக்குப் புரிந்ததை அவர் கண்டார். உங்கள் வீடு சந்திப்புக்கு இதைவிட நல்ல வழிகாட்டி எனக்குத் தெரியாது.

நான்காவது, ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1939-இல் வெளியிட்ட 'கூடி வாழ்தல்'. ஃபிங்கன்வால்டேயில் அவர் போதகர்களைப் பயிற்றுவித்த இறையியல் பள்ளியை 1937-இல் நாத்சி அரசின் இரகசியக் காவல்துறையான கெஸ்டபோ மூடியது. அங்கே கூடி ஜெபித்து வாழ்ந்த அனுபவத்திலிருந்து பிறந்த நூல் இது. இப்படித்தான் சபை இருக்க வேண்டும் என்று நாம் காணும் கனவே, இருக்கிற சபையை நேசிக்க விடாமல் தடுத்துவிடும் என்கிறார். சபையில் பிணக்கு வரும் நாளில் இதை எடுத்து வாசியுங்கள்.

முதல் மூன்றின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்புகளும் பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஓர் ஆண்டுக்கு இந்த நான்கும் போதும். பக்கத்துச் சேகரத்து ஊழியர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு, மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேசி வாசியுங்கள். அதன்பின் தலைமைத்துவ நூல்களைக் கையில் எடுத்தால், அவற்றில் எது உங்கள் சபைக்கு உதவும், எது வியாபார நிறுவனத்துக்கு மட்டுமே பொருந்தும் என்று நீங்களே பிரித்தறிவீர்கள்.