அடையாள அட்டை இலக்கம் கடவுச்சொல் ஆகுமா?

நமது மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் இன்று கையடக்கத் தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆனால், அடையாள அட்டை இலக்கத்தையே கடவுச்சொல்லாக வைப்போர் நம்மிடையே உண்டு. அது பாதுகாப்பானதா?

புதிய அட்டையின் 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் எத்தனையாவது நாள் என்பதைக் காட்டும். பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்படும். 2008 மார்ச் 12இல் பிறந்த மாணவியின் இலக்கம் 2008572 எனத் தொடங்கும். முகநூலில் பிறந்தநாள் வாழ்த்தைப் பார்த்தவருக்கே ஏழு இலக்கங்கள் கிடைத்துவிடும். எஞ்சிய ஐந்துக்கு ஓர் இலட்சம் வாய்ப்புகளே உள்ளன. கணினிக்கு அது சிறு வேலை.

கடவுச்சொல்லின் பலம் அதன் நீளத்தில் உள்ளது. தோணி, ஊசி, மின்னல், பலாக்காய் என ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை நீங்களே தெரிந்து கோத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறாக வையுங்கள். மின்னஞ்சலை முதலில் காப்பாற்றுங்கள். ஏனைய கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அதுவே. இருபடிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் இரகசிய இலக்கத்தைத் தோழிக்கும் சொல்லாதீர்கள்.

அனுமதியின்றிப் பிறர் கணக்கினுள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். எனவே பெற்றோரே, கணக்கு பறிபோனதாக மகள் சொன்னால் ஏசாதீர்கள்; முறையிடத் துணைநில்லுங்கள்.

நமது கணக்கில் நமது இரகசியம் மட்டுமா இருக்கிறது? தோழியர் நம்பி அனுப்பிய படங்களும் செய்திகளும் இருக்கின்றன. அவை அமானிதம்.