முள் சொல்லும் செய்தி

இன்றைய கார்கள் தம் இயந்திரத்தைப் பற்றி ஓட்டுநரிடம் அதிகம் பேசுவதில்லை. வேகம், எரிபொருள், வெப்பம் ஆகியவற்றோடு சரி. மற்றவை எல்லாம் சின்னஞ்சிறு விளக்குகள். அந்த வெப்பமானியின் முள்கூட நடுவில் வந்து நின்றுவிட்டால் எளிதில் அசையாது. சிறிய ஏற்ற இறக்கங்கள் தெரியாதபடியே பல நிறுவனங்கள் அதை அமைத்திருக்கின்றன. 1960களின் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் அமர்ந்து பாருங்கள். ஐந்தாறு வட்டங்கள் உங்களை உற்றுநோக்கும். “இத்தனையும் அழகுக்குத்தானே?” என்று கழகத்துத் தம்பி தங்கையர் என்னிடம் கேட்பதுண்டு. இயந்திரவியல் படித்தவன், ஓய்வு நாள்களில் மாமாவின் பட்டறையில் பழைய கார்களோடு பொழுது போக்குபவன் என்ற முறையில் விடை சொல்ல முயல்கிறேன்.

முதலிடம் எண்ணெய் அழுத்தமானிக்கே. இயந்திரத்தின் சுழல்தண்டும் அதன் தாங்கிகளும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது மெல்லிய மசகு எண்ணெய்ப் படலம். அழுத்தம் போனால் படலம் போகும். உலோகம் உலோகத்தோடு உரசி, விரைந்து ஓடும் இயந்திரம் சில நொடிகளில் பாழாகும். எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்பீர்கள். பெரும்பாலான கார்களில் அழுத்தம் ஏறத்தாழ அரை பாருக்குக் கீழே இறங்கிய பிறகுதான் அது எரியும். முள்ளோ நான்கிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்குவதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

1962-இல் வெளிவந்த எம்ஜிபி காரில் இந்த முள்ளுக்கு மின்சாரமே தேவையில்லை. இயந்திரத்திலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாக எண்ணெயே நேராக முகப்புப் பலகைக்கு வருகிறது. உள்ளே சுருண்ட பித்தளைக் குழல் ஒன்று உண்டு. பிறந்தநாள் விழாக்களில் பிள்ளைகள் ஊதினால் சுருள் பிரிந்து நீளுமே காகித ஊதல், அதே தத்துவம்தான்! அழுத்தம் ஏற ஏறக் குழல் நிமிர முயலும், முள் நகரும். 1849-இல் பிரான்சின் இயூஜீன் பூர்தோன் காப்புரிமை பெற்ற கருவி இது. குழாய் கசிந்தால் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலில் சொட்டும் என்பது வேறு கதை.

அடுத்தது ஆம்பியர்மானி. இங்கே நம் தமிழ்க் கலைச்சொற்கள் பாடத்தை எளிதாக்குகின்றன. மின்னோட்டம் என்பது ஓடுவது. ஓடுவதை அளக்க, அது கருவியின் ஊடாகவே ஓடியாக வேண்டும். மின்னழுத்தத்தை அளக்கவோ ஓரமாக நின்று தொட்டுப் பார்த்தாலே போதும். ஆகவே பழைய கார்களில் இயக்கி மோட்டாருக்குச் செல்வது தவிர ஏறத்தாழ மின்சாரம் முழுவதும் ஓட்டுநரின் முகத்துக்கு முன்னால் வந்து திரும்பியது. முள் வலப்பக்கம் சாய்ந்தால் மின்கலம் நிரம்புகிறது. இடப்பக்கமே கிடந்தால் வீடு போய்ச் சேரமாட்டீர்கள். இணைப்பு தளர்ந்தால் அந்தத் தடித்த கம்பி சூடேறித் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. 1961-இல் வந்த ஜாகுவார் இ-டைப்பில் ஆம்பியர்மானி இருந்தது. 1968-இன் இரண்டாம் வரிசையில் அந்த இடத்தை வோல்ட்மானி பிடித்தது. (1962-இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலைப் பந்தயத்தில் யோங் நாம் கீ ஓட்டி வென்றது ஓர் இ-டைப்பைத்தான்.) இயந்திரம் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி முள் நின்றால் கவலை இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது போர்ஷ 911-இன் எண்ணெய் அளவுமானி. 1964 முதல் 1998 வரை தயாரான காற்றால் குளிரும் 911 கார்களில் ரேடியேட்டர் இல்லை. எண்ணெயே குளிர்விக்கும் வேலையில் பெரும்பங்கை ஏற்றது. அதனால் தண்ணீர் வெப்பமானிக்கு இடமில்லை. மாறாக எண்ணெயின் வெப்பம், அழுத்தம், அளவு என மூன்று முள்கள். எண்ணெய் இயந்திரத்தின் அடியில் தங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். காரோட்டும்போது அளவுமானி கீழே விழுந்து கிடக்கும். புதிதாக வாங்கியவர் பதறிப்போய் மேலும் எண்ணெய் ஊற்றுவார். அளவு மிஞ்சினால் அது காற்று வடிகட்டிப் பக்கம் ஏறி, பின்னால் நீலப்புகையாக வெளியேறும். கார் சமதரையில் நின்று, இயந்திரம் நன்கு சூடேறி, மெதுவாகச் சுழலும்போது மட்டுமே அந்த முள்ளை நம்ப வேண்டும். பட்டறைகளில் அழுத்தத்துக்கும் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் சுற்றுக்குப் பத்து பிஎஸ்ஐ. சூடான நிலையில் நின்றபடி சுழலும்போது முள் தாழ்ந்திருப்பது இயல்பு. நெடுஞ்சாலையில் தாழ்ந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும்.

டர்போ அழுத்தமானியை இன்று எல்லாரும் அறிவர் என்பதால் விட்டுவிடுகிறேன். விந்தையானது 1989-இன் நிசான் ஸ்கைலைன் ஜிடிஆரில் உள்ள முன்சக்கர முறுக்குவிசைமானி. இந்தக் கார் வழக்கமாகப் பின்சக்கரங்களால் ஓடும். அவை வழுக்கத் தொடங்கினால் கணினி, விசையில் பாதி வரை முன்சக்கரங்களுக்குத் திருப்பும். எவ்வளவு திரும்பியது என்பதைக் காட்டுவதே அந்த முள்ளின் வேலை. மழைநாளில் வளைவொன்றில் அது திடீரென எழுந்தால், பின்சக்கரங்கள் பிடியை இழந்துகொண்டிருக்கின்றன என்று பொருள். கை உணருமுன் கண் அறிந்துகொள்ளும்.